பூசணிக்காயா? புத்தியா?

ஓசூர் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜையன்று யந்திரங்களுக்குச் சந்தனமிட்டுப் பூசணிக்காய் உடைக்கின்றார்கள். மறுநாளும் அதே யந்திரம் நின்று, அதே பிழையுடன் சரக்குத் திரும்பி வந்தால், சில முதலாளிகள் ஜோசியனைக் கேட்டு வாசலை மாற்றுகின்றார்கள். அல்லது தொழிலாளியின்மேல் பழி போடுகின்றார்கள். கோளாறு வேலை முறையில் இருக்கலாமென்று மாத்திரம் நினைப்பதில்லை.

யுத்தத்தில் தோற்ற ஜப்பானியர், தங்களை ஜெயித்த அமெரிக்காவிலிருந்தே 1950ல் டெமிங் என்ற புள்ளிவிவர நிபுணரை வரவழைத்துப் பாடங் கேட்டார்கள். பிழைகளை எண்ணிப் பார்க்க வேண்டும், பெரும்பாலானவை ஆளிடமல்ல, முறையிலேயே இருக்கும், அதைத் திருத்துவது நிர்வாகத்தின் கடமை என்பதே அவர் போதனை. அவர் பெயரால் ஜப்பானியர் அளிக்கும் பரிசை ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி 2002ல் பெற்றது. அது பூசணிக்காய்க்குக் கிடைத்த பரிசா?

ஆகவே, ஒரே பிழை மூன்றாந் தரமும் வந்தால், பிறரைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டதென்று அறிக. முதலில் யந்திரத்தண்டை நிற்கும் தொழிலாளியைக் கேளுங்கள். பிறகு விஷயமறிந்தவரைக் கேளுங்கள். கேட்பதில் மானக்கேடு யாதொன்றுமில்லை. கேளாமல் தொழிலாளியின் கூலியில் கை வைப்பதே மானக்கேடு.