போர்க் கணக்கும் பணக் கணக்கும்

இன்றைய மாணவன் விளையாட்டுப் பித்தன் என்பது நம்மவர் பலரின் தீர்ப்பு. கைத்தொலைபேசியின் முன் தலைகுனிந்திருப்பவன் சிந்திக்கும் ஆற்றலையே இழந்துவிட்டான் எனப் பெற்றோர் வருந்துகின்றனர், ஆசிரியர் ஆமோதிக்கின்றனர். தீர்ப்பு வழங்கியாயிற்று, சாட்சியத்தை விசாரித்தவரைத்தான் காணோம். அம்மாணவன் அங்கே உண்மையில் என்ன செய்கின்றான் என்பதை நாம் ஒருமுறையேனும் அருகிலிருந்து பார்த்ததுண்டா?

பார்ப்போம். 1996இல் யப்பானில் பிறந்த போக்கிமொன் என்னும் விளையாட்டில் இன்று இணையவழியாக இருவர் தத்தம் கற்பனை உயிரிகளைக் கொண்டு பொருதுகின்றனர். ஓர் அடி எதிரிக்கு எவ்வளவு சேதம் விளைக்கும் என்பதை ஒரு சூத்திரம் நிர்ணயிக்கின்றது. தாக்கும் உயிரியின் நிலை 50 ஆயின், அதனை 2ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்து, 2ஐக் கூட்ட 22 வரும். தாக்குதலின் வலு 90, தாக்குவோனின் ஆற்றல் 120, எதிரியின் தற்காப்பு 100 எனக் கொள்வோம். 22ஐ 90ஆலும் 120ஆலும் பெருக்கி, 100ஆலும் 50ஆலும் வகுத்துப் பின்னத்தைக் களைந்தால் 47. மீண்டும் 2ஐக் கூட்ட 49. இவ்வெண்ணை 85 முதல் 100 வரையுள்ள பதினாறு சதவீதங்களுள் ஏதேனும் ஒன்று எழுமாற்றாக வந்து பெருக்கும். தாக்குதலும் தாக்குவோனும் ஒரே இனமாயின் ஒன்றரை மடங்கு. எதிரியின் இனத்துக்கு அத்தாக்குதல் ஒவ்வாததாயின் அதற்கும் மேல் இரு மடங்கு. படிதோறும் பின்னம் களையப்பட, இறுதிச் சேதம் 122க்கும் 146க்கும் இடையில் வந்து நிற்கும். எதிரியிடம் 140 உயிர்ப்புள்ளிகள் இருப்பின், பதினாறு வாய்ப்புக்களுள் ஐந்தில் மட்டுமே அவன் ஒரே அடியில் வீழ்வான். மற்றப் பதினொன்றிலும் தப்பி நின்று திருப்பி அடிப்பான்.

அடிப்பதா, பின்வாங்குவதா? இந்தக் கேள்விக்கு விடை காணும் பிள்ளை செய்வது நிகழ்தகவுக் கணக்கன்றி வேறென்ன? கரும்பலகையில் நாணயத்தையும் தாயக்கட்டையையும் வரைந்து நாம் ஆண்டுதோறும் கற்பிக்க முயன்று களைத்துப்போகும் அதே பாடத்தை, தோல்வியின் வலியோடும் வெற்றியின் களிப்போடும் அவன் தானாகவே கற்றுக்கொள்கின்றான்.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். இச்சூத்திரத்தை யாரும் அவர்களுக்குத் தானமாக அளிக்கவில்லை. விளையாடுவோரே நிரலைப் பிரித்து ஆராய்ந்தனர்; கண்டதை யாவருக்கும் பொதுவாக்கினர். அதனைக் கொண்டு சேதம் கணிக்கும் கருவிகளை ஆக்கி இலவசமாக வழங்கினர். போக்கிமொன் ஷோடவுன் என்னும் இணையக் களம் இவ்வாறு தொண்டர்களின் உழைப்பால் எழுந்ததே. அதன் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. அறிவு பொதுவுடைமையாதல் வேண்டும் என மேடைதோறும் முழங்கும் நாம், பெயர் தெரியாத இளைஞர் கூட்டம் அதனைச் செய்துகாட்டும்போது 'வீண்வேலை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது நியாயமாகுமா?

போரை எண்ணாக்கும் பழக்கம் மனிதனைக் கல்லாக்கிவிடும் என்பர் சிலர். இவ்வையத்தை நாம் புறந்தள்ளவில்லை. 1824இல் பிரஷ்ய இராணுவ அதிகாரி றைஸ்விற்ஸ் அமைத்த போர் விளையாட்டில் தாயக்கட்டையை உருட்டி உயிர்ச்சேதம் கணித்தனர். அக்கணக்கைப் பயின்றோர் மெய்யான படைகளை நடத்த வேண்டிய அதிகாரிகள். நமது மாணவனின் ஆணைக்குக் காத்திருப்பவையோ திரையில் மயங்கி வீழ்ந்து அடுத்த ஆட்டத்தில் எழுந்துவிடும் உயிரிகள். இவனுடைய கணக்கில் நாம் அஞ்ச வேண்டிய இடம் வேறு. அது சந்தை.

2020இல் சீனாவின் மிஹோயோ கொம்பனி வெளியிட்ட கென்ஷின் இம்பாக்ட் என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கும் சேதக் கணக்கு உண்டு. உக்கிர அடி விழும் வாய்ப்பு 60 சதவீதம், விழுந்தால் கூடும் சேதம் 120 சதவீதம் எனின், சராசரிச் சேதம் 1.72 மடங்கு. வாய்ப்பை 50ஆகக் குறைத்துச் சேதத்தை 140ஆக உயர்த்தினால் 1.70 மடங்கு. இந்த நுண்ணிய வேறுபாட்டுக்காக இளைஞர் இரவு பகலாக அட்டவணை நிரப்புகின்றனர். ஆனால் அட்டவணை இறுதியில் சுட்டிக்காட்டுவது எதனை? "இன்ன வீரன் உன்னிடம் இருந்தால் சேதம் இன்னும் கூடும்" என்பதனையே. அவ்வீரனோ சீட்டிழுப்பில் விற்கப்படுகின்றான்.

இப்போது அந்தக் கணக்கைப் போடுவோம். உயர்தர வீரன் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு ஓர் இழுப்புக்கு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. 90ஆம் இழுப்பில் ஒருவன் நிச்சயம் கிடைப்பான். ஆயினும் அவன் நாம் விரும்பியவனாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியே. அதிர்ஷ்டம் முற்றாகக் கைவிடின் 180 இழுப்புகள் வேண்டும். 100 டொலருக்குக் கிடைப்பவை ஏறக்குறைய 50 இழுப்புகள். விளையாடியே திரட்டும் இலவச இழுப்புகளும் உண்டென்பது மெய்தான். பொறுமையற்றவன் காசு கொடுத்தே இழுப்பானாயின், ஒரே வீரனுக்கு 350 டொலருக்கு மேல் போய்விடும். அதே வீரனை மேலும் ஆறு தடவை பெற்றால் வலிமை இன்னும் ஏறும் என்ற தூண்டிலும் தொங்குகின்றது.

எதிரியின் உயிர்ப்புள்ளியை இம்மியும் பிசகாது கணிக்கும் பிள்ளை, தன் தந்தையின் சம்பளத்தில் விழும் சேதத்தைக் கணிப்பதில்லை. அவன் ஆக்கிய அட்டவணையே வியாபாரிக்குக் கூலியில்லா விளம்பரமாகின்றது. இளைஞரின் கூட்டு உழைப்பை மூலதனம் விழுங்கும் விதம் இதுவே.

"வாய்ப்பு வீதத்தை வெளியிட்டுவிட்டோம்; இனி வாங்குபவனே பொறுப்பு" என்பது வியாபாரிகளின் வாதம். முழுவதையும் வெளியிட்டனரா? ஏறக்குறைய 74ஆம் இழுப்பிலிருந்து வாய்ப்பு விரைந்து ஏறுகின்றது என்ற உண்மையைக் கண்டறிந்தவர், தம் இழுப்புகளை ஒன்றுதிரட்டி எண்ணிப் பார்த்த விளையாட்டாளரே. வீதங்களை வெளியிடுமாறு சீன அரசு இட்ட கட்டளை 2017இல் நடைமுறைக்கு வந்த பின்னரே பல கொம்பனிகள் வாய் திறந்தன. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், காசுக்கு விற்கப்படும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவன என்றது. 2025 ஜனவரியில், சிறுவரைத் தவறாக வழிநடத்தியதாக ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கைத் தீர்க்க, கென்ஷினை வெளியிடும் கொம்பனி 2 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் சம்மதமின்றி இழுப்புகளை விற்பதில்லை என்றும் ஏற்றுக்கொண்டது. முதலாளித்துவத்தின் தாயகமே தடுக்க முன்வந்த ஒன்றை, சுதந்திரம் என்ற பெயரால் நாம் ஏன் தாங்கிப்பிடிக்க வேண்டும்?

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குமுன் அவனுடைய கணக்கைக் கேளுங்கள். பதினாறில் ஐந்து என்ற விடையை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, அதனை அடுத்து ஆயிரத்தில் ஆறு என்பதையும் கரும்பலகையில் எழுதுங்கள். மாணவத் தோழர்களே, போர்க் கணக்கில் நீங்கள் வல்லவர்கள்; பணக் கணக்கையும் அதே கூர்மையோடு போடுங்கள். போட்டதை மறைக்காது பொதுவில் வையுங்கள். சிறுவருக்கு அதிர்ஷ்டத்தை விற்கும் வாணிகத்தைச் சட்டத்தால் தடுக்குமாறு கோருவோம்.

சூத்திரத்தைக் கண்டுபிடித்த கூட்டம், தன்னைச் சுரண்டுவோனையும் கண்டுகொள்ளும் என்பதில் நமக்கு நம்பிக்கை உண்டு.