சுளகுக்குப் பக்கத்தில் ஒரு கதை

2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்ததை ஈடுகட்டத்தான் அது வந்தது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவரவர் தெருவிலேயே, மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்தான். பிறகு வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு கதைப் புத்தகங்களைக் கொடுத்தது.

நல்ல காரியங்கள். ஆனால் மாலை வகுப்பு என்றாலே நமக்கு டியூஷன்தான். "வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்று கேட்கிறோம். "இன்னைக்கு என்ன கதை?" என்று கேட்பவர் யார்?

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யை நம் தலைமுறைக்குத் தெரியும். அவருடைய 'வட்டத்தொட்டி'யில் பரீட்சையும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பாட்டை வாய்விட்டுச் சொல்வார்; நண்பர்கள் கேட்டு ரசிப்பார்கள். ருசி அப்படித்தான் வரும். நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். தமிழ் எனக்கு வீட்டில் பெரியவர்கள் உரக்க வாசித்ததைக் கேட்டு வந்ததுதான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"பீடி சுற்றுகிற அம்மாவுக்குப் பிள்ளையைப் பார்க்க ஏது நேரம்?" என்பார்கள். உண்மைதான். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் மடியில் சுளகோடு இரவு வரை வேலை நடக்கிறது. ஆனால் கைக்குத்தான் வேலை. காது சும்மாதானே இருக்கிறது? கியூபாவில் 1865 முதலே சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். அவருக்குச் சம்பளம் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். நம் வீடுகளில் அந்த வாசகர் வேலையைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கேட்க அம்மாவுக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்க ஆள் இருந்தால் பிள்ளை திக்கித் திக்கியாவது வாசிக்கும். நாலு நாள் போனால், புத்தகத்தில் இல்லாத கதையையும் தானே சேர்த்துச் சொல்லும். கற்பனை என்பது அதுதான்.

மாலை வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசி அரை மணி நேரத்தைக் கதைக்கு விடுங்கள். ஆளுக்கொரு புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், பீரோவில் பூட்டி வைத்த புத்தகத்தால் யாருக்கு லாபம்?

பென்ஷன் வாங்குகிற நமக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கிடைக்காமல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். முடிந்ததும், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.