மனநல வார்டுகளில் சிறாரைத் தனியறையில் அடைப்பதைத் தடுக்கக் கோரும் மனு

பெறுநர்:
முதன்மைச் செயல் அலுவலர்,
மாநில மனநல ஆணையம், சென்னை.

பொருள்: 18 வயதுக்கு உட்பட்ட உள்நோயாளிகள் – தனிமையில் அடைத்தல் – வரையறையும் பதிவேடும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 97-ஆவது பிரிவு, நோயாளி எவரையும் தனிமையில் அடைக்கக் கூடாது என்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதை மட்டும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு ஏற்கிறது. அதற்கான காரணத்தை மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் சார்பில் செயல்படும் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் அறிக்கை போக வேண்டும். ஆக, கட்டினால் கணக்கு உண்டு. பூட்டினால் வாரியத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. தனிமையில் அடைப்பது எது என்ற வரையறையும் சட்டத்தில் இல்லை. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்த அறைக்கு ‘அமைதி அறை’ என்று பெயரிட்டுவிட்டால், 14 வயதுப் பிள்ளை அதற்குள் எவ்வளவு நேரம் கிடந்தது என்பது எந்த ஏட்டிலும் ஏறாமல் போகலாம். சிறாரைப் பொறுத்தவரை இது இன்னொரு பிரிவையும் மீறுவதாகும். அனுமதிக்கப்பட்ட காலம் முழுவதும் நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் துணையாளரோ பிள்ளையுடனேயே இருக்க வேண்டும் என்கிறது 87-ஆவது பிரிவு. தாழ்ப்பாள் விழுந்ததும் அப்படி உடனிருக்கும் தாயும் வெளியே நிறுத்தப்படுகிறார். பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலும் ஓடிவந்து தடுக்க அருகில் ஆள் இல்லை.

மூர்க்கமாகும் பிள்ளையிடமிருந்து மற்றப் பிள்ளைகளையும் செவிலியரையும் எப்படிக் காப்பது என்ற கேள்வி நியாயமானது. பூட்டுவதைத் தடுத்தால் கட்டுவது கூடிவிடும் என்ற அச்சமும் உண்டு. அமெரிக்காவில் ஒரு சிறார் மனநல வார்டில் ஐந்தாண்டு நடந்து 2008-இல் வெளியான ஆய்வு வேறு முடிவைக் காட்டியது. பிள்ளையோடு பேசிச் சிக்கலைச் சேர்ந்தே தீர்க்கும் முறையில் பணியாளர்கள் பயிற்சி பெற்றபின், கட்டுப்படுத்திய நிகழ்வுகள் ஆண்டுக்கு 263-இலிருந்து 7-ஆகவும், தனியறையில் அடைத்தவை 432-இலிருந்து 133-ஆகவும் குறைந்தன. அடைப்பது அங்கேயும் அறவே ஒழியவில்லை. ஆனால் அந்த 133-ஐச் சொல்ல முடிந்ததே ஒவ்வொன்றையும் எழுதி வைத்ததால்தான். பதிவேடு வைத்தால் தடை தளர்ந்துவிடாதா எனக் கேட்கலாம். விபத்தைப் பதிவு செய்வதால் விபத்துக்கு அனுமதி கிடைத்துவிடுவதில்லை. ஆள் பற்றாக்குறையும் காரணமாகாது. அதைச் சொல்லிக் கட்டுவதற்கே சட்டம் இடம் தரவில்லை. இதில் செவிலியரைக் குறைசொல்ல நாங்கள் விரும்பவில்லை. இரவுப் பணியில் ஒருவரை மட்டும் நிறுத்திவிட்டு அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அநீதி.

எனவே, வெளியேற முடியாதபடி ஒரு சிறாரைத் தனியே வைக்கும் எந்த ஏற்பாடும், என்ன பெயரில் நடந்தாலும், தனிமையில் அடைப்பதே என ஆணையம் சுற்றறிக்கை வெளியிடக் கோருகிறோம். மீறல் நடந்தால் நேரம், காரணம், உத்தரவிட்டவர் பெயர் மூன்றும் பதிவாகி, மாத அறிக்கையோடு வாரியத்துக்குச் செல்ல வேண்டும். சிறார் வார்டுகளின் இரவுப் பணிக்குக் கூடுதல் செவிலியரையும், எல்லாப் பணியாளருக்கும் பயிற்சியையும் வழங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பராமரிப்பாளர் சங்கத்தின் பொதுக்குழு சார்பாக,
தலைவர், செயலாளர்