செயினுக்கு எந்த எண்ணெய்?

திண்டிவனம் எண்ணெய் வித்துக்குப் பெயர்போன ஊர். அங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வேர்க்கடலை, எள் ரகங்களுக்கு டி.எம்.வி. என்றே அடையாளம். அதனாலோ என்னவோ, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் கதவுக் கீல் கத்தினாலும் மோட்டார் சைக்கிள் செயின் கீச்சிட்டாலும் கை முதலில் போவது சமையலறை எண்ணெய்த் தூக்குக்குத்தான்.

'வண்டி சமாச்சாரம் ஆண்கள் பாடு, நமக்கென்ன?' என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. பின் சீட்டில் உட்காரும் நம்முடைய முந்தானையும் மடியிலிருக்கும் குழந்தையின் காலும் அந்தச் செயினுக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன! காய்ந்து தேய்ந்த செயின் நெடுஞ்சாலையில் கழன்றாலோ அறுந்தாலோ பின் சக்கரத்தையே இறுக்கிப் பிடித்துவிடும். அப்புறம் ஓட்டுகிறவர் கையில் ஒன்றும் இல்லை.

போன மாதம் எதிர் வீட்டு மருமகள் கிண்ணத்தோடு வந்தாள். "அக்கா, கொஞ்சம் நல்லெண்ணெய் குடுங்களேன். அவரு வண்டிச் செயின் ஒரே சத்தமா கத்துது" என்றாள். "நல்லெண்ணெய் வேண்டாம்மா. உன் வீட்டு எண்ணெய்த் தூக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாரு" என்றேன். பிசுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் காற்றுப் பட்டுப் பட்டு இறுகிப் பசையாகிவிடும். செயினிலும் அதே கதைதான். ரோட்டுப் புழுதி அந்தப் பசையில் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி செயினை அரைக்கும். விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த மசகு மாட்டு வண்டி அச்சுக்குச் சரி. மோட்டார் சைக்கிள் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

மற்ற எண்ணெய்கள்? தையல் மெஷின் எண்ணெய் மிகவும் மெல்லிசு. சக்கரம் நாலு சுற்று சுற்றினால் சிதறிச் சேலையில்தான் படியும். கிரீஸோ மேலே அப்பிக்கொண்டு நிற்கும்; தேய்மானம் நடக்கிற உள் இடுக்குக்குப் போகாது. மெக்கானிக் கடையில் வடித்த கறுப்பு ஆயிலை, 'சும்மா கிடைக்குதே' என்று தடவுகிறார்கள். அதில் இரும்புத் தூளும் கரியும் கலந்திருக்கும். அடிக்கடி தோலில் படுவதும் நல்லதல்ல.

செயினுக்கு வேண்டியது இடுக்கில் இறங்கும் அளவுக்கு இளக்கமும், அங்கேயே தங்கும் அளவுக்குக் கெட்டியும் உள்ள எண்ணெய். பெரும்பாலான வண்டிகளுக்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும். இல்லாவிட்டால் செயினுக்கென்றே விற்கும் ஸ்பிரே. செயின் தகடுகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையங்கள் தெரிந்தால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் கிட்டே வரக் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். ஸ்கூட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இந்த வேலையே இல்லை. அதில் செயினுக்குப் பதில் பெல்ட். அதற்கு எண்ணெய் விடவே கூடாது.

போடும் முறைதான் முக்கியம். என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். வண்டியை கியரில் ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைப்பவர்களைப் பார்த்தால் உடனே தடுத்துவிடுங்கள். துணி சிக்கினால் கூடவே விரலும் போகும். வேலை முடியும் வரை குழந்தைகளைத் தள்ளியே வையுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்த பின், கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஓடும்போது எண்ணெய் தானே வெளிப்பக்கம் பரவும். இரண்டு டீஸ்பூன் தாராளம். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டயரிலும் பிரேக்கிலும் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது, வழுக்கிவிடும். இரவில் போட்டு வைத்தால் காலைக்குள் ஊறிவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தினம் போய் வருகிறவருக்கு ஏழு நாளில் கணக்கு முடிந்துவிடும். ஆகவே ஞாயிறுதோறும் எண்ணெய்க் குளியல் அவருக்கும் உண்டு, வண்டிக்கும் உண்டு! மழையில் நனைந்தால் அன்றே துடைத்துப் போட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி வெள்ளம் சூழ்ந்த வண்டியை மெக்கானிக்கிடம் காட்டாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

செயினைப் பார்க்கும் கையோடு சேலை கார்டையும் பார்த்துவிடுங்கள். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அழகாக இல்லை என்று கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, இளம் தாய்மார்களுக்கு. மீதியான மண்ணெண்ணெயையும் ஆயிலையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். குழந்தை தாகத்தில் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடும். அப்படி மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து அதிகம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குடித்த பாட்டிலையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.