பனிமலையில் ஒரு வீடு வாங்கலாமா?

முன்பெல்லாம் நம்மவர்களுக்குக் குளிர் என்றால் கேமரன் மலைதான். பெட்டியில் ஒரு கம்பளிச் சட்டையை மடித்து வைத்துவிட்டால் பயண ஏற்பாடு முடிந்தது. இப்போது நிலைமை வேறு. கோலாலம்பூரிலிருந்து ஜப்பானின் சப்போரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஆண்டு இறுதி வந்துவிட்டால், பனியில் விழுந்து புரளும் பிள்ளைகளின் படங்கள் புலனத்தில் வந்து குவிகின்றன. போய் வந்தவர்களில் சிலர் படம் காட்டுவதோடு நிற்பதும் இல்லை. "அங்கேயே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்பவர்களின் வாயில் அதிகம் வரும் பெயர் நிசெகோ.

ஜப்பானின் வட தீவான ஹொக்கைடோவில், சப்போரோ விமான நிலையத்திலிருந்து சாலை வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது இந்த வட்டாரம். ஒரு பக்கம் அன்னுபுரி மலை. எதிரே 1,898 மீட்டர் உயரத்தில், ஃபுஜி மலையின் தம்பியைப் போல யோதெய் மலை. சைபீரியாவிலிருந்து புறப்படும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, இந்த மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஒரு பருவத்தில் விழும் பனியைக் கூட்டினால் 10 மீட்டரைத் தாண்டும். அதுவும் மாவு போன்ற உலர்ந்த பனி. பனிச்சறுக்கு ஆடுபவர்களுக்கு இதைவிடச் சிறந்த பனி உலகில் அதிக இடங்களில் இல்லை.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதைக் கண்டுகொண்டு வந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அடுத்து ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியப் பணம் வந்தது. அங்குள்ள நான்கு பெரிய பனிச்சறுக்கு மையங்களில் ஒன்றான நிசெகோ வில்லேஜை நம் நாட்டின் ஒய்.டி.எல். நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வாங்கியது. நிசெகோ வட்டாரத்தின் முக்கிய ஊரான குச்சான் உருளைக்கிழங்குக்குப் பெயர் போன விவசாய ஊர். மக்கள் தொகை சுமார் 15,000. அந்தச் சிற்றூரின் நிலவிலை 2016 முதல் சில ஆண்டுகள் ஜப்பானிலேயே மிக வேகமாக ஏறியது.

இந்தக் கதையெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு தெரியும் என்றால், என் அக்காள் மகன் ஒரு நாள் அழகான கையேடு ஒன்றை அனுப்பி, "மாமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றான். அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து நிசெகோவில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு வாங்கத் திட்டம். அவன் பங்குக்குப் போட இருந்தது அத்தானின் சேமநிதிப் பணம். பட்டர்வெர்த்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் துறைமுக வேலை பார்த்துச் சேர்த்தது. மகன் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அதனால் உட்கார்ந்து படித்தேன். நான் இரண்டு முறை அந்தப் பக்கம் போய்த் தங்கியதும் உதவியாக இருந்தது.

கையேட்டில் பொய் எதுவும் இல்லை. ஜப்பானில் வெளிநாட்டுக்காரர் நிலமும் வீடும் நிரந்தர உரிமையுடன் வாங்கலாம் என்பது உண்மை. குடியுரிமை தேவையில்லை. நம் நாட்டில் வெளிநாட்டினருக்கு இருப்பது போன்ற குறைந்தபட்ச விலை வரம்பும் இல்லை. யென் மதிப்பு இறங்கிக் கிடப்பதும் உண்மை. ஆனால், கையேட்டில் இல்லாத பக்கங்களைத்தான் நாம் படிக்க வேண்டும்.

முதலில் பனி. நமக்கு அது காட்சி. அங்கே குடியிருப்பவனுக்கு அது வேலை. நான் தங்கிய சிறு விடுதியில் விடியற்காலை நான்கு மணிக்கே பனி தள்ளும் வண்டியின் சத்தம் எழுப்பிவிடும். விடுதிக்காரர் அறுபதைத் தாண்டியவர். நான் காப்பிக் குவளையோடு சன்னலோரம் நிற்கும்போது, அவர் வாசலில் இரண்டாவது முறையாகப் பனி வாரிக்கொண்டிருப்பார். மாவு போல் விழும் பனி கிடந்து அழுந்தினால் ஒரு கன மீட்டர் 300 கிலோ வரை கனக்கும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அது நின்றால் 30 டன். கூரையில் கல் லோரியை நிறுத்தி வைத்தது போலத்தான். அதை இறக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். சூடேற்ற எண்ணெயோ எரிவாயுவோ மின்சாரமோ வேண்டும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடில்லாமல் பூட்டிப் போட்டால், குழாயில் நின்ற தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். அதனால், கிளம்பும்போது குழாய்த் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். பட்டர்வெர்த்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் யார் செய்வது? நிர்வாக நிறுவனம் செய்யும். அதற்கு மாதாமாதம் கட்டணம். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்டணம் உண்டு.

அடுத்து, அங்கே எத்தனை நாள் இருக்க முடியும்? ஜப்பானில் வீடு வாங்கியதால் அங்கே வசிக்கும் உரிமை கிடைப்பதில்லை. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் விசா இல்லாமல் ஒரு முறைக்கு 90 நாட்கள் வரை தங்கலாம். சொந்த வீடு இருந்தாலும் குடிநுழைவு முகப்பில் நாம் சுற்றுப்பயணிதான்.

"நாம் இல்லாதபோது வாடகைக்கு விடலாமே, மாமா?" என்றான் அவன். விடலாம். ஆனால், 2018 சூன் மாதம் நடப்புக்கு வந்த சட்டப்படி, சாதாரண வீட்டைச் சுற்றுப்பயணிகளுக்கு ஆண்டுக்கு 180 நாட்கள் வரைதான் விட முடியும். அதற்கு மேல் என்றால் தங்கும் விடுதிக்கான உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கட்டடமா என்பது வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய காரியம். அப்படியே உரிமம் இருந்தாலும் நல்ல வாடகை வருவது டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான். கோடையில் ஆற்றில் படகு விடவும் மலையேறவும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அந்த வாடகை பனிக்கால வாடகைக்குப் பக்கத்தில் வராது. அத்துடன், பிள்ளைகளோடு நாம் போக விரும்புவதும் அதே பனிக்காலத்தில்தானே? நாம் தங்கும் ஒவ்வொரு வாரமும் நல்ல வாடகை போன வாரம்.

மூன்றாவது வரி. வாங்கும்போது சொத்து பெறும் வரியும் பதிவு வரியும் உண்டு. பிறகு ஆண்டுதோறும் நிலையான சொத்து வரி. அரசு மதிப்பீட்டில் 1.4 விழுக்காடு. ஜப்பானில் குடியிருக்காதவர், வரிக் கடிதங்களைப் பெற்றுக் கட்டுவதற்கு அங்கே ஒரு பிரதிநிதியை வைக்க வேண்டும். விற்கும்போது கிடைக்கும் ஆதாயத்துக்கு, வாங்கி ஐந்து ஆண்டுக்குள் என்றால் 30 விழுக்காட்டுக்கும் சற்று மேல் வரி. ஐந்து ஆண்டு கடந்தால் 15 விழுக்காட்டுக்கும் சற்று மேல். நம் நாட்டில் குடிமக்கள் ஆறாம் ஆண்டு முதல் இந்த வரியைக் கட்டுவதில்லை. அங்கே அந்தச் சலுகை கிடையாது.

இதைவிட நம்மவர்கள் யோசித்தே பார்க்காதது வாரிசு வரி. மலேசியாவில் 1991இலேயே அதை எடுத்துவிட்டார்கள். அதனால் அப்படி ஒன்று இருப்பதே நம் தலைமுறைக்கு மறந்துவிட்டது. ஜப்பானில் இருக்கிறது. உரிமையாளரும் வாரிசும் மலேசியாவில் இருந்தாலும், சொத்து ஜப்பானில் இருந்தால் அந்தச் சட்டம் பாயும். குறிப்பிட்ட தொகை வரை விலக்கு உண்டு என்பதால் சிறிய வீட்டுக்கு வரி வராமல் போகலாம். ஆனால் பெயர் மாற்றத் தாள்களிலிருந்து தப்ப முடியாது. 2024 ஏப்ரல் முதல், வாரிசுகள் மூன்று ஆண்டுக்குள் சொத்தைத் தங்கள் பெயரில் பதிய வேண்டும் என்பது கட்டாயம். நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்கிய வீடு, ஒருவர் காலமானால் அவர் மனைவி மக்களும் சேர்ந்த வீடாகிவிடும். முழு வீட்டையும் விற்க எல்லாரும் கையெழுத்திட வேண்டும். நட்பு இருக்கும்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியாது.

நான்காவது, நம்பிக்கை வைத்து ஏற்றிய விலை. ஹொக்கைடோ அதிவேக ரயில் 2030 நிதியாண்டு இறுதியில் சப்போரோ வரை ஓடும், வழியில் குச்சானில் நிற்கும் என்பது முந்தைய திட்டம். அந்த நம்பிக்கையில் பலர் நிலம் வாங்கினார்கள். சுரங்கப் பாதை வேலையில் பாறையும் சேறும் குறுக்கிட்டுத் தாமதமாகி, இப்போது 2038 நிதியாண்டு இறுதி வாக்கில் என்கிறார்கள். ரயில் ஒரு நாள் வரும். அதுவரை பராமரிப்புக் கட்டணம் நிற்காது.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவன், "விலைதான் ஏறிக்கொண்டே இருக்கிறதே!" என்றான். அப்போதுதான் அவனுக்கு யுசாவாவின் கதையைச் சொன்னேன்.

யுசாவா, தோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பனி ஊர். 1982இல் அந்த ரயில் ஓடத் தொடங்கியது. அது ஜப்பானில் பணம் கரைபுரண்ட காலம். இளைஞர்கள் எல்லாரும் பனிச்சறுக்குப் பலகையோடு அலைந்த காலம். உயர உயரமாக அடுக்குமாடிகள் எழுந்தன. வெந்நீர்க் குளியல், நீச்சல் குளம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் உள்ளேயே. சுமார் 15,000 விடுமுறை வீடுகள். ஊர் மக்கள் தொகையே அதில் பாதி அளவுதான் இருக்கும். 1990களில் பொருளாதாரம் சரிந்தது. பனிச்சறுக்கு மோகமும் வடிந்தது. அன்று கோடிக்கணக்கான யென்னுக்கு வாங்கியவை உட்பட, அங்குள்ள சில வீடுகள் பின்னாளில் ஒரு லட்சம் யென்னுக்கு விளம்பரத்துக்கு வந்தன. நம் காசில் மூவாயிரம் வெள்ளி அளவு. ஒரு நல்ல கைப்பேசியின் விலை!

அந்த விலைக்கும் வாங்க ஆள் ஏன் ஓடி வரவில்லை? குளமும் குளியலறையும் கட்டடத்தோடு இருக்கின்றன. அவற்றுக்கான மாதக் கட்டணமும் வீட்டோடு இருக்கிறது. முன்னவர் கட்டாமல் விட்ட பாக்கியும், ஜப்பானியச் சட்டப்படி, வாங்குபவர் தலையில்தான் வந்து விழும். வீட்டைச் சும்மா கொடுத்தாலும் கூடவே கடனும் வந்தது. நிர்வாகம் ஒழுங்காக இருந்த சில கட்டடங்கள் அண்மை ஆண்டுகளில் மீண்டும் உயிர் பெற்றிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அங்கேயும் பனி ஒரு குறையும் இல்லாமல் விழுந்துகொண்டுதான் இருந்தது. வாங்க வரும் கூட்டம்தான் நின்றுபோனது.

நிசெகோ இன்னொரு யுசாவா ஆகும் என்று நான் சொல்லவில்லை. யுசாவாவில் வாங்கியவர்கள் ஜப்பானியர்கள். நிசெகோவுக்குப் பல நாட்டுப் பணம் வருகிறது. ஆனால் அதே காரணத்தால், யென் மதிப்பு ஏறினாலும், விமானங்கள் நின்றாலும் முதலில் அடி வாங்கும் ஊரும் அதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லைகள் மூடப்பட்டபோது அது எல்லாருக்கும் தெரிந்தது.

அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நிலவிலை ஏறினால் விற்பவருக்கு லாபம். விற்காமல் குடியிருப்பவருக்கு வரிதான் ஏறுகிறது. பருவ வேலைக்கு வரும் இளைஞர்களுக்குத் தங்க அறை கிடைப்பதில்லை. குச்சான் 2019 நவம்பரிலிருந்து விடுதிக் கட்டணத்தின் மீது தங்கும் வரி வாங்குகிறது. ஊர்ச் செலவுக்கு விருந்தாளியும் கொஞ்சம் பங்கு போடட்டும் என்பது நியாயம்தானே? என் விடுதிக்காரரிடம், பக்கத்தில் விளக்கே எரியாத புதிய கட்டடங்களைக் காட்டிக் கேட்டேன். "நல்ல மனிதர்கள்தான். ஆண்டுக்குப் பத்து நாள் வருவார்கள்" என்றார். குறையாக அல்ல, வானிலை சொல்வதைப் போலச் சொன்னார்.

அக்காள் மகனிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தக் கட்டடத்தின் உரிமையாளர்களுக்கு, செலவெல்லாம் போகக் கையில் வந்தது எவ்வளவு? பழுதுபார்ப்புக்கான சேமிப்பு நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது? வாங்கியவர்களில் விற்க நினைத்தவர்கள் எத்தனை மாதத்தில் விற்றார்கள்? கையேடு அனுப்பிய முகவர் முதல் இரண்டுக்கும் ஏதோ பதில் அனுப்பினார். மூன்றாவதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இதற்கிடையில் அத்தானே ஒரு நாள் வாய் திறந்தார். "பனி நல்லாத்தான் இருக்கும். எனக்கு முட்டி வலி. வருசத்துக்கு ஒரு தடவை என்னையும் உங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போய்க் காட்டு, அதுக்கு வேணும்னா பணம் தர்றேன்" என்றார். நான்கு நண்பர்களும் வரும் பிப்ரவரியில் அங்கே ஒரு வீட்டை இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். சேமநிதிப் பணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வசதி உள்ளவர்கள், போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய பணத்தில் வாங்குபவர்கள், தாராளமாக வாங்கலாம். அந்த மலையும் அந்தப் பனியும் அதற்குத் தகுதியானவை. ஆனால், ஓய்வுக்காலப் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரியில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் யாருக்கும் அந்த ஊர் பிடிக்கும். நவம்பர் நடுவில் ஒரு வாரம் போய்த் தங்குங்கள். இலையெல்லாம் உதிர்ந்திருக்கும், பனி இன்னும் சரியாக விழுந்திருக்காது, பல கடைகள் மூடியிருக்கும், மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். அப்போதும் அந்த ஊர் பிடித்திருந்தால், கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம்.