ராகி பிஸ்கட்டுல ராகி எங்க?

போன வாரம் சென்னையிலேர்ந்து புதூருக்கு வந்த அக்கா மக ஒரு பாக்கெட்டை நீட்டுச்சு. "ராகி பிஸ்கட் மாமா, குளூட்டன் இருக்காது."

பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். முதல்ல கோதுமை மாவு, அடுத்து சர்க்கரை, பாமாயில். அதுக்கப்புறந்தான் ராகி! எது எடை அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்னு சட்டம். முன்பக்கம் மட்டும் கேழ்வரகுக் கதிர் படம். விளைஞ்ச கேழ்வரகைக் கேக்கத்தான் ஆளில்ல, படத்துக்கு நல்ல விலை.

கேழ்வரகு, சாமை, வரகு, தினை எதுலயும் குளூட்டன் கிடையாது. தானியமா வாங்கி வீட்டுலயே சுடுங்க. ரெண்டு கப் கேழ்வரகு மாவை வாசம் வர வறுத்து ஆறவிட்டு, ஒரு கப் நாட்டுச்சர்க்கரை, ஒரு கப் நெய், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசையணும். உருட்டவரலன்னா ரெண்டு ஸ்பூன் பால். அடிகனமான சட்டியில உப்பைப் பரப்பி, பத்து நிமிஷம் காயவிட்டு, தட்டை உள்ள வச்சு மூடி, சிறு தீயில 20 நிமிஷம். சூட்டோட எடுத்தா உதிரும். மாவைப் பிடிச்சு நிறுத்துறதே குளூட்டன்தான், அது இதுல இல்லையே. ஆறினா இறுகிடும்.

நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், ரெண்டோட நிறுத்துங்க. சும்மா ஃபேஷனுக்குக் கோதுமையை விடுறவங்களுக்கு இது போதும்.

சீலியாக் நோய் இருக்குறவங்க கதை வேற. துளி கோதுமை போனாலும் குடல் புண்ணாகும். எங்க ஊரு மில்லுல கோதுமை அரைச்ச கல்லுலதான் கேழ்வரகும் அரையுது. அவங்களுக்குன்னா மில்லுப் பக்கமே போகாதீங்க. தானியத்தைப் பொறுக்கி, கழுவிக் காயவச்சு, வீட்டு மிக்சியில அரைங்க.