கோடு இருந்தா மட்டும் போதாது, திசையும் வேணும்

போன தைப்பூசத்துல ஒரு பாட்டி தண்ணீர்மலையில சாமி கும்பிட்டுட்டு, போன்ல மேப் பார்த்துத் திரும்பி நடந்தாங்க. அது அவங்களைத் தேர் வர்ற தெருவுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுடுச்சு. நாங்கதான் ஓரமா கூட்டிட்டு வந்தோம். பாட்டி மேல தப்பில்ல. மேப்புல கோடு இருந்துச்சு, போற திசை இல்ல.

எங்க ஃபேக்டரி தரையில கூட அம்புக்குறி இருக்கு. 513 படி ஏறுற கோயிலுக்கு வேணாமா?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல யாரும் வழி சேர்க்கலாம். தெருத் துண்டுகளை வரிசையா கோர்த்து, ஒவ்வொண்ணுலயும் எந்தப் பக்கமா போகணும்னு குறிக்கலாம். அதனால குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்லருந்து மலைக்குப் போற வழி ஒண்ணு, திரும்புற வழி ஒண்ணுன்னு ரெண்டா போடணும்னு நாங்க சொல்றோம்.

சிலர் தெருவையே ஒருவழின்னு போடச் சொல்றாங்க. வேண்டாம். தைப்பூசத்துக்கு மட்டும் உண்மையா இருக்கறது, மத்த நாள்ல பொய்யாயிடும். அன்னிக்குக் கூட்டத்தைத் திருப்ப பலகையும் தொண்டர்களும் இருக்கோம்.

வேற மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. நடந்து பார்த்துத்தான் வரையணும். இந்த ஞாயிறு காலையில நாங்க நடக்கறோம். வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க.

முருகனுக்கு அரோகரா!